சம்பளம் ஊக்கம் தராதா?

மேலாண்மை படிக்கப் போகிறவர்களுக்கு முதல் ஆண்டிலேயே ஒரு பாடம் வந்துவிடும். சம்பளம் குறைவாக இருந்தால் ஊழியருக்கு மனக்குறை வரும். கூட்டிக் கொடுத்தால் அந்த மனக்குறை நீங்கும். ஆனால் அதனால் அவர் கூடுதல் ஈடுபாட்டோடு வேலை செய்துவிட மாட்டார். ஈடுபாட்டைத் தருபவை வேறு: சாதித்த நிறைவு, பிறர் தரும் அங்கீகாரம், வேலையில் உள்ள சுவை, பொறுப்பு, முன்னேற்றம். அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பெர்க் 1959இல் பெர்னார்ட் மாஸ்னர், பார்பரா ஸ்னைடர்மன் இருவருடன் சேர்ந்து எழுதிய நூலில் முன்வைத்த கோட்பாடு இது. 1968இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூ இதழில் அதைச் சுருக்கி அவர் எழுதிய கட்டுரையின் மறுஅச்சுப் பிரதிகள் பத்து லட்சத்துக்கும் மேல் விற்றன.

அலுவலகங்களுக்குள் இந்த அளவுக்கு நுழைந்த இன்னொரு உளவியல் கோட்பாடு என்றால் ஆப்ரஹாம் மாஸ்லோ 1943இல் எழுதிய தேவைப் படிநிலைதான். ஹெச்.ஆர். வகுப்புகளில் திரையில் வரும் அந்தப் பிரமிடு படத்தை மாஸ்லோ வரையவே இல்லை. பின்னால் வந்த மேலாண்மை எழுத்தாளர்கள் சேர்த்தது அது. 1976இல் வாபா, பிரிட்வெல் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மனிதத் தேவைகள் அந்த வரிசையில்தான் ஒன்றன்பின் ஒன்றாக எழுகின்றன என்பதற்குத் தெளிவான ஆதரவு கிடைக்கவில்லை. மாஸ்லோவை அதோடு விட்டுவிடலாம். ஹெர்ஸ்பெர்க்கை அப்படி விட முடியாது. அவர் வேலை செய்கிறவர்களிடமே போய்க் கேட்டார். சோதித்துப் பார்க்கக்கூடிய ஒன்றைச் சொன்னார். அவர் கோட்பாட்டில் வேலையின் உள்ளடக்கம் பற்றிய பாதி இன்றும் நிற்கிறது. சம்பளம் பற்றிய பாதி நிற்கவில்லை. அதை இன்னும் சொல்லிக்கொடுப்பதால் உழைக்கிறவர்களுக்குத் தீங்கு நேர்கிறது. இதுதான் என் வாதம்.

பிட்ஸ்பர்க் வட்டார நிறுவனங்களில் வேலை பார்த்த 203 பொறியாளர்களும் கணக்காளர்களும் சொன்ன கதைகளே அந்த நூலுக்கு அடிப்படை. உங்கள் வேலையைப் பற்றி அளவுகடந்த மகிழ்ச்சி ஏற்பட்ட ஒரு சமயத்தை நினைத்துப் பாருங்கள், அப்போது என்ன நடந்தது என்று கேட்டார்கள். மிக மோசமாக உணர்ந்த ஒரு சமயத்தையும் கேட்டார்கள். வந்த கதைகளைக் கூறுகூறாகப் பிரித்து எண்ணினார்கள். மகிழ்ச்சிக் கதைகளில் சாதனையும் அங்கீகாரமும் அதிகம் வந்தன. கசப்புக் கதைகளில் நிறுவனத்தின் கொள்கை, நிர்வாகம், மேற்பார்வையாளர் ஆகியவை அதிகம் வந்தன. இதிலிருந்து இரண்டு பட்டியல்கள் பிறந்தன. இரண்டாவது பட்டியலுக்கு அவர் காட்டிய உவமை சுகாதாரம். சாக்கடையைச் சுத்தமாக வைத்தால் நோய் வராது. அதனாலேயே உடம்பில் வலு ஏறிவிடாது. சம்பளம் இந்தப் பட்டியலில் போய்ச் சேர்ந்தது.

இந்தக் கோட்பாட்டுக்கு முதல் அடியைக் கொடுத்தவர் உளவியலாளர் விக்டர் வ்ரூம். நல்லது நடந்தால் அதற்குக் காரணம் தன் உழைப்பு என்றும், கெட்டது நடந்தால் அதற்குக் காரணம் மேலதிகாரி, நிறுவனம் என்றும் சொல்வது மனித இயல்பு என்று 1964இல் அவர் சுட்டிக்காட்டினார். அப்படியானால் ஹெர்ஸ்பெர்க்கின் இரண்டு பட்டியல்களும் வேலையைப் பற்றிப் பேசவில்லை. தன்னைக் காத்துக்கொண்டு பேசும் மனிதனின் பழக்கத்தைத்தான் பேசுகின்றன. இதே கேள்வியை எந்த ஊரில் கேட்டாலும் ஏறக்குறைய இதே பட்டியல்கள் வரும் என்று ஹெர்ஸ்பெர்க்கின் ஆதரவாளர்கள் பதில் சொன்னார்கள். உண்மைதான், வந்தன. முறையிலேயே கோணல் இருந்தால் அந்தக் கோணல் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வரத்தான் செய்யும். வேறு முறையில் ஆராய்ந்தவர்களுக்கு அந்தப் பிளவு அவ்வளவு சுத்தமாகக் கிடைக்கவில்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது, வகுப்பறைகளில் அதிகம் பேசப்படாதது. அவருடைய சொந்த ஆய்விலேயே சம்பளம் மகிழ்ச்சிக் கதைகளிலும் கசப்புக் கதைகளிலும் ஏறத்தாழ ஒரே அளவில் வருகிறது. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் அது எந்தப் பட்டியலிலும் ஒட்டாது. சம்பளத்தால் வந்த கசப்பு நெடுநாள் நீடித்தது, மகிழ்ச்சி சீக்கிரம் ஓய்ந்தது என்பதைக் காரணம் காட்டித்தான் அதை இரண்டாவது பட்டியலில் வைத்தார்கள். சம்பளம் ஊக்கம் தராது என்று அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒப்பிக்கப்படும் பாடம் இவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது.

மகிழ்ச்சி ஓய்ந்துவிடும் என்ற கவனிப்பு சரியானதுதான். தீபாவளி போனஸை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி அதன் குறைந்தபட்ச அளவு 8.33 விழுக்காடு. ஆண்டுதோறும் அதே தொகை வரும்போது யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு ஆண்டு குறைந்தால் அடுத்த நாளே ஆலை வாசலில் கூட்டம் கூடிவிடும். ஹெர்ஸ்பெர்க் சொன்னதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் இது உணர்ச்சியைப் பற்றிய உண்மை. வேலை கூடுமா குறையுமா என்பது வேறு கேள்வி. அந்தப் பொறியாளர்களும் கணக்காளர்களும் செய்த வேலையை யாரும் அளக்கவில்லை. அது எப்படி மாறியது என்று அவர்களே சொன்னதுதான் பதிவாயிற்று. என்ன செய்தாலும் செய்யாவிட்டாலும் மாதம் பிறந்தால் வந்துவிடும் தொகையும், செய்த ஒவ்வொரு வேலைக்கும் கணக்குப் பார்த்து வரும் தொகையும் ஒன்றாகவே வைத்து எண்ணப்பட்டன.

சம்பளத்தைப் பற்றி மனிதர்கள் வாயால் சொல்வதை அப்படியே நம்பக் கூடாது என்பதற்கும் ஆதாரம் உண்டு. சாரா ரைன்ஸ், பாரி கெர்ஹார்ட், கேத்லீன் மினெட் மூவரும் 2004இல் பல ஆய்வுகளை ஒப்பிட்டு எழுதினார்கள். உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டால் மக்கள் சம்பளத்தைப் பின்வரிசையில் வைக்கிறார்கள். எந்த வேலையை ஏற்கிறார்கள், எதை விடுகிறார்கள், எதற்காகக் கூடுதலாக உழைக்கிறார்கள் என்று பார்த்தாலோ சம்பளம் முன்வரிசைக்கு வந்துவிடுகிறது. பணத்துக்காக வேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொள்வது கௌரவக் குறைவு என்ற எண்ணம் எங்கும் இருக்கிறது. ஹெர்ஸ்பெர்க்கின் கேள்வி அந்தக் கூச்சத்தின் மேலேயே கட்டப்பட்டது.

சரி, செய்கையைப் பார்ப்போம். அமெரிக்காவில் சேஃப்லைட் என்ற நிறுவனம் கார் முன்கண்ணாடி மாற்றிக் கொடுக்கிறது. 1994, 1995 ஆண்டுகளில் அங்கே மணிக்கணக்குக் கூலி மாறி, மாட்டிய கண்ணாடிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட் வந்தது. குறைந்தபட்சக் கூலிக்கு உத்தரவாதம் இருந்தது. சரியாக மாட்டாத கண்ணாடியை மாட்டியவரே கூலியில்லாமல் மறுபடி மாட்ட வேண்டும் என்பதும் ஏற்பாடு. பொருளியலாளர் எட்வர்ட் லாசியர் கணக்குகளை ஆராய்ந்தார். ஒரு ஆளுக்கான உற்பத்தி 44 விழுக்காடு கூடியிருந்தது. அதில் ஏறக்குறைய பாதி, அதே ஆட்கள் முன்பைவிட அதிகம் செய்ததால் வந்தது. மீதி, வேகமானவர்கள் தேடி வந்ததாலும் தங்கியதாலும் வந்தது. தொழிலாளர்களின் வருமானமும் ஏறக்குறைய 10 விழுக்காடு உயர்ந்தது.

நம் நாட்டிலிருந்தே ஒன்று. ராஜஸ்தானின் உதய்ப்பூர் வட்டாரத்தில் சேவா மந்திர் என்ற தொண்டு நிறுவனம் நடத்திய ஓராசிரியர் பள்ளிகளில் ஆசிரியர் வராத நாட்கள் அதிகம். எஸ்தர் டுஃப்லோ, ரீமா ஹன்னா, ஸ்டீஃபன் ரயன் ஆகியோர் பாதிப் பள்ளிகளில் ஆசிரியருக்கு ஒரு கேமரா கொடுத்தார்கள். பள்ளி தொடங்கும்போதும் முடியும்போதும் பிள்ளைகளோடு ஒரு படம். படத்தில் தேதியும் நேரமும் விழும். வந்த நாட்களைப் பொறுத்துச் சம்பளம். மற்றப் பள்ளிகளில் 42 விழுக்காடாக இருந்த வராமை இங்கே 21ஆக இறங்கியது. பிள்ளைகளின் தேர்வு மதிப்பெண்ணும் கூடியது. சம்பளம் நோயைத் தடுக்கும் சுகாதாரம் மட்டும்தான் என்றால் இது எப்படி நடந்தது?

ஹெர்ஸ்பெர்க் தரப்பில் நின்று பேசுகிறவர்கள் இந்த இடத்தில் உளவியலாளர் எட்வர்ட் டெசியைக் கொண்டு வருவார்கள், கொண்டு வரவும் வேண்டும். 1971இல் டெசி கல்லூரி மாணவர்களுக்குச் சோமா என்ற கட்டைப் புதிரைக் கொடுத்தார். ஒரு குழுவுக்கு நடுவில் ஒருமுறை மட்டும், அவிழ்த்த ஒவ்வொரு புதிருக்கும் ஒரு டாலர். பிறகு பணம் நின்றது. ஓய்வு நேரத்தில் யார் தானாகப் புதிரைக் கையில் எடுக்கிறார்கள் என்று பார்த்தார். பணம் வாங்கிப் பழகியவர்கள் குறைவாகவே எடுத்தார்கள். 1999இல் டெசி, கோஸ்ட்னர், ரயன் மூவரும் 128 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோதும் இதே போக்குத்தான்: முன்கூட்டியே சொல்லிக் கொடுக்கும் பரிசு தன்னார்வத்தைக் குறைக்கிறது, மனமாரச் சொல்லும் பாராட்டு கூட்டுகிறது. இந்த ஆதாரம் பலமானது. ஆனால் அளந்தது எதை? பணம் நின்ற பிறகு, யாரும் கேட்காதபோது, விளையாட்டாகச் செய்வதை. பின்னலாடைக் கம்பெனியில் காலர் தைக்கிறவர் பீஸ் ரேட் நின்ற பிறகு ஓய்வு நேரத்தில் காலர் தைப்பாரா என்று யாரும் கேட்பதில்லை, கேட்கவும் வேண்டியதில்லை. ஆசிரியர், செவிலியர், ஆய்வாளர், மென்பொருள் எழுதுகிறவர் ஆகியோரிடம் அந்தக் கேள்வி பொருத்தமாகும். அவர்கள் வேலையில் யாரும் கண்காணிக்க முடியாத பகுதி பெரிது.

அடிக்கடி மேற்கோள் காட்டப்படும் இன்னொரு ஆய்வு மதுரைப் பக்கம் நடந்தது. டான் ஏரியலி, யூரி நீசி, ஜார்ஜ் லோவன்ஸ்டைன், நீனா மசார் ஆகியோர் 2009இல் வெளியிட்டது. கிராமத்தவர் 87 பேர் ஆறு விளையாட்டுகளை ஆடினார்கள். நினைவாற்றல், கைத்திறன், குறி தவறாமை ஆகியவற்றைச் சோதிக்கும் விளையாட்டுகள். நன்றாக ஆடினால் ஒரு ஆட்டத்துக்கு ஒரு குழுவுக்கு 4 ரூபாய், இன்னொரு குழுவுக்கு 40, மூன்றாவது குழுவுக்கு 400. ஆறு ஆட்டத்திலும் வென்றால் 2400 ரூபாய். அந்தக் காலத்தில் ஒரு கிராமத்தவரின் அரையாண்டுச் செலவுக்கு ஈடான தொகை. 4 ரூபாய்க் குழுவுக்கும் 40 ரூபாய்க் குழுவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 400 ரூபாய்க் குழுதான் மிக மோசமாக ஆடியது.

பணம் கூடினால் வேலை கெடும் என்று இதை வைத்துச் சொல்கிறவர்கள் ஆய்வைத் தாண்டிப் போகிறார்கள். அரையாண்டுச் செலவு சில நிமிட ஆட்டத்தில் தொங்கும்போது யாருக்கும் கை நடுங்கும். புதிய விளையாட்டு, பக்கத்தில் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்நியர், மறுவாய்ப்பு இல்லாத நிலை. தினமும் செய்து பழகிய வேலைக்கு வாராவாரம் கூலி வாங்குகிறவரின் நிலை இதற்கு நேர் எதிரானது. 87 பேரை மூன்றாகப் பிரித்தால் ஒரு குழுவுக்கு முப்பது பேர்கூடத் தேறாது என்பதும் மறக்கக் கூடாதது. ஒரே அடியில் கொட்டும் மிகப் பெரிய பரிசு ஆளைத் திணறடிக்கும். அதுவரை ஏற்கிறேன், அதற்கு மேல் இல்லை.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பணம் அளவைக் கூட்டுகிறது. தரத்தைக் கூட்டுமா என்பது சந்தேகம். கிறிஸ்டஃபர் செராசோலி, ஜெசிகா நிக்லின், மைக்கேல் ஃபோர்ட் மூவரும் 2014இல் வெளியிட்ட தொகுப்பாய்வில், எவ்வளவு செய்கிறார்கள் என்பதை வெளிப் பரிசும், எவ்வளவு நன்றாகச் செய்கிறார்கள் என்பதை உள்ளார்வமும் அதிகம் தீர்மானிக்கின்றன என்று கண்டார்கள். எண்ணிக்கையை மட்டும் துரத்தினால் என்ன ஆகும் என்பதை வெல்ஸ் ஃபார்கோ வங்கி உலகத்துக்கே காட்டியது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் எட்டுக் கணக்கு, அட்டை, கடன் என்று விற்றாக வேண்டும் என்ற இலக்கு கிளை ஊழியர்களின் கழுத்தை நெரித்தது. வாடிக்கையாளர் அறியாமலேயே சுமார் 20 லட்சம் கணக்குகள் திறக்கப்பட்டிருக்கலாம் என்று 2016இல் வெளிவந்தது, 18.5 கோடி டாலர் அபராதம்; சுமார் 5,300 ஊழியர்கள் வேலை இழந்தார்கள். பணம் ஊக்கம் தராததால் வந்த விளைவு இல்லை இது. பணமும் பயமும் மிகப் பலமாக வேலை செய்ததால் வந்தது. சேஃப்லைட்டில் கோணலான கண்ணாடிக்கு விலை கொடுக்க வேண்டியவர் மாட்டியவர். வங்கியில் பொய்க் கணக்குக்கு முதலில் விலை கொடுத்தவர் வாடிக்கையாளர்.

சம்பளத்தைப் பற்றி ஹெர்ஸ்பெர்க்குக்குத் தெரியாமலே போன இன்னொன்று ஒப்பீடு. அவர் ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டார். ஆனால் சம்பளத்தை யாரும் தனியாக உட்கார்ந்து பார்ப்பதில்லை, பக்கத்தில் இருப்பவரின் சம்பளத்தோடு சேர்த்தே பார்க்கிறார்கள். ஜெனரல் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய உளவியலாளர் ஜான் ஸ்டேசி ஆடம்ஸ் 1963இலேயே இதைக் கோட்பாடாக எழுதினார். அதற்குக் களத்தில் கிடைத்த மிக நல்ல ஆதாரம் ஒடிசாவிலிருந்து வந்தது. எமிலி பிரேசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷாம்தாசானி மூவரும் 378 தொழிலாளர்களைச் சிறு சிறு குழுக்களாக ஒரு மாதம் வேலைக்கு வைத்தார்கள். சில குழுக்களில் எல்லாருக்கும் ஒரே நாள்கூலி. சிலவற்றில் திறமை வரிசைப்படி வேறு வேறு கூலி. ஒரே தொகையை வாங்கும் இரண்டு பேரில், கூடுதல் வாங்குகிறவரோடு சேர்ந்து வேலை செய்தவரின் உற்பத்தி சரிந்தது. வேலைக்கு வருவதும் 18 விழுக்காட்டுப் புள்ளி குறைந்தது. ஒரு நாள் வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும். கூலி இல்லாமல் அடுப்பு எரியாத வீட்டுக்காரர்கள் அவர்கள். அப்படியும் வராமல் இருந்தார்கள்.

அந்த ஆய்வில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இனிமேல்தான். பக்கத்தில் இருப்பவர் தன்னைவிட அதிகம் செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரிந்த இடங்களில் இந்தச் சரிவு இல்லவே இல்லை. கூலி வேறுபடுவதை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். காரணம் தெரியாமல் வேறுபடுவதைத்தான் ஏற்கவில்லை. அதே மாநிலத்தில் சுப்ரீத் கௌரும் கூட்டாளிகளும் செய்த இன்னொரு ஆய்வில், இலைத் தட்டு தைக்கிறவர்களில் சிலருக்குச் சேர்ந்திருந்த கூலியைச் சில நாள் முன்கூட்டியே கொடுத்தார்கள். பீஸ் ரேட்டில் மாற்றமில்லை, மொத்தத் தொகையிலும் மாற்றமில்லை. கையில் காசு வந்தவர்கள் கூடுதலாகத் தைத்தார்கள். கவனக்குறைவால் வரும் பிழைகளும் குறைந்தன. அதிகம் ஏழ்மையில் இருந்தவர்களிடம் இந்த மாற்றம் அதிகம். மாதக் கடைசி நெருங்க நெருங்க மனம் எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியம் தராது. சம்பளம் வெறும் மனக்குறை நீக்கி என்று சொல்லும் கோட்பாட்டில் இதற்கு இடமே இல்லை.

இனி, நிற்கும் பாதி. 1968 கட்டுரையில் ஹெர்ஸ்பெர்க் விவரிக்கும் ஒரு பரிசோதனை இன்றும் படிக்கத் தகுந்தது. ஒரு பெரிய நிறுவனத்தில் பங்குதாரர்களின் கடிதங்களுக்குப் பதில் எழுதும் பிரிவு. படித்த பெண்கள், ஆனால் எழுதும் ஒவ்வொரு கடிதமும் மேற்பார்வையாளரின் மேசை வழியாகத்தான் வெளியே போகும். ஒரு குழுவுக்கு மட்டும் இது மாற்றப்பட்டது. கடிதத்தில் எழுதியவரே தன் பெயரில் கையெழுத்திட்டார். கடிதம் நேராகத் தபால் அறைக்குப் போயிற்று. அனுபவம் உள்ளவர்களுக்குச் சரிபார்ப்பு நூற்றுக்கு நூறிலிருந்து பத்தாகக் குறைந்தது. ஒவ்வொரு துறைக்கும் ஒருவர் நிபுணர் என்று பொறுப்பேற்றார். சந்தேகம் வந்தால் மேற்பார்வையாளரிடம் போகும் முன் அவரைக் கேட்டார்கள். தொடக்கத்தில் தரம் சற்றுத் தாழ்ந்தது. பிறகு ஏறி, மாற்றம் செய்யப்படாத குழுக்களைத் தாண்டிப் போனது. தன் பெயரில் கையெழுத்திடும் கடிதத்தை யாரும் அலட்சியமாக எழுதுவதில்லை.

இது ஒரே ஒரு அலுவலகத்தின் கதை என்று ஒதுக்க முடியாது. 1953இல் அகமதாபாத் காலிகோ ஆலையில் லண்டன் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் பார்த்ததும் இதற்கு நெருக்கமானதே. புதிய தானியங்கித் தறிகள் 224. அவற்றுக்கு 29 ஆட்கள். 29 பேருக்குள் 12 விதமான வேலைப் பிரிவு. இழை அறுந்தால் முடிச்சுப் போட ஒருவர், பாபின் மாற்ற ஒருவர், எண்ணெய் விட ஒருவர். எந்தத் தறிக்கும் யாரும் முழுப் பொறுப்பில்லை. சில தறிகளை மொத்தமாக ஒரு சிறு குழு பார்த்துக்கொள்ளும்படி மாற்றலாம் என்று பேச்சு வந்தபோது, குழுக்களை அமைத்துக்கொண்டவர்கள் தொழிலாளர்களே. உற்பத்தி ஏறியது, பழுதான துணி குறைந்தது. எரிக் மில்லர் 1970இல் திரும்பப் போய்ப் பார்த்தபோது ஒரு கொட்டகையில் அந்த ஏற்பாடு பெருமளவு அப்படியே இருந்தது. வேறு இடங்களில் கரைந்துபோயிருந்தது. பின்னாளில் ரிச்சர்ட் ஹேக்மனும் கிரெக் ஓல்தமும் வேலையின் பன்முகம், முழுமை, சுதந்திரம் என்று பிரித்து எழுதியதும், டெசியும் ரயனும் சுயாதீனம், திறன், உறவு என்று எழுதியதும் இந்தத் திசையை இன்னும் கறாராக்கின.

ஆகவே என் தீர்ப்பு. வேலையின் அமைப்பைப் பற்றி ஹெர்ஸ்பெர்க் சொன்னதை ஏற்க வேண்டும். ஆனால் அதற்குக் கொடுக்க வேண்டிய விலை அதிகாரம்: சரிபார்ப்பைக் குறைப்பது, கையெழுத்து உரிமையைக் கொடுப்பது, குழுவை அவர்களே அமைக்க விடுவது. சுவரில் மாட்டும் 'இம்மாத ஊழியர்' படம் இதில் எதையும் தருவதில்லை, அவர் கேட்டதும் அதை அல்ல. சம்பளம் ஊக்கம் தராது என்பதைத் தள்ளுபடி செய்ய வேண்டும். அவருடைய தரவு அதைத் தாங்கவில்லை, பிறகு வந்த அளவீடுகள் அதற்கு எதிராக நிற்கின்றன. அப்படியும் அது இவ்வளவு காலம் பிழைத்திருப்பதற்குச் சம்பளம் கொடுக்கிறவர்களுக்கு அது வசதியாக இருந்ததும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

பாடத்திட்டம் எழுதுகிறவர்கள் இரண்டு பட்டியல்களையும் மனப்பாடம் செய்ய வைப்பதை நிறுத்திவிட்டு, அந்த இடத்தில் ஒடிசா ஆய்வை வைக்கலாம். ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரகடத்திலோ வேலைக்குப் போகப்போகும் ஹெச்.ஆர். மாணவருக்கு அது முதல் நாளே தேவைப்படும். நிரந்தர ஊழியரும் ஒப்பந்தத் தொழிலாளியும் ஒரே லைனில் தோளோடு தோள் நின்று ஒரே வேலையைச் செய்யும் இடத்தில், இருவரின் சம்பளச் சீட்டுக்கும் உள்ள இடைவெளிக்கு அந்த மாணவரிடம் கண்ணால் காட்டக்கூடிய காரணம் இருக்கிறதா? இல்லையென்றால் அவர் நடத்தப்போகும் ஊக்கப் பயிற்சி வகுப்புகள் எதுவும் அந்த லைனில் பலிக்காது.